ஓர் உள்ளங்கை தெற்கே

கடலை மனித அறிவு எந்த நாளில் அடக்கியது என்று வருங்காலத்தில் யாராவது கேட்டால், ஆன்ஸ் கொலெத் மீனவர் கூட்டுறவுக் கொட்டகையின் சுவரில் அட்லாண்டிக் பெருங்கடல் திறந்துவைக்கப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்ல வேண்டும். புயல் முன்னெச்சரிக்கைக் கமிட்டித் தலைவர் மிஸ்டர் கத்பர்ட் டெல்பெஷ் அன்று ஒலிபெருக்கியில் இப்படித்தான் முழங்கினார். முழங்கிவிட்டுத் திரையை இழுத்தார். திரை ஆப்பிரிக்காவில் ஓர் ஆணியில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க வரவில்லை. கடைசியில் ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பு ஆப்பிரிக்காவை மூடியபடியே தொங்க, பாதிரியார் மிச்சக் கடலுக்கு மட்டும் புனித நீர் தெளித்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

இது நடந்து நாலு வருடம் ஆகிறது. விரிப்பை அப்புறம் கிழித்து எடுத்தார்கள். கடலை வரைந்த பலகை மட்டும் நின்றது. இருபதடி நீளம், எட்டடி உயரம். நீலக் கடலில் வெள்ளைக் கட்டங்கள். ஒரு கட்டம் ஓர் உள்ளங்கை அகலம், அதாவது அறுபது கடல் மைல். இடது பக்கம் தீவுகள் வரிசையாகப் பச்சையில் இருக்க, எங்கள் சென் ஓரேல் மட்டும் மஞ்சளில், உள்ளங்கையளவு பெரிதாகப் பளபளத்தது. அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். மூலையில், கடலைவிடக் கவனமாக எழுதப்பட்ட எழுத்துகளில், ‘கருத்தும் வடிவமும்: சி. டெல்பெஷ்’.

நடைமுறை எளிமையானது. புயல் எங்கே நிற்கிறது என்று வானொலி ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லும். டெல்பெஷ் அதைத் தாளில் குறித்துக்கொண்டு, டை கட்டி, குட்டிச் சுத்தியலோடு வருவார். பித்தளைக் குமிழ் வைத்த ஆணியை அந்த இடத்தில் வைத்து ‘டொக்’ என்று ஓர் அடி. ஆணி சிவப்பு வட்டத்துக்குள் விழுந்தால் கொடி ஏறும். கொடி ஏறினால் ஊர் ஆண்கள் எல்லாரும் கடற்கரைக்கு வந்து எல்லாருடைய படகையும் கரையேற்ற வேண்டும். கொடி ஏறாவிட்டால் ஒருத்தரும் கயிற்றைத் தொட வேண்டாம். ஒரு படகை மேட்டில் ஏற்ற இருபது பேர் வேண்டும். முன்பெல்லாம் வானொலிக்காரன் தும்மினால்கூடப் படகை ஏற்றுவார்கள், மறுநாள் இறக்குவார்கள். ஒரே செப்டம்பரில் நாலு தடவை. ஆகவே இந்த விதி ஊருக்குப் பிடித்திருந்தது. முதுகுகளுக்கு இன்னும் அதிகமாகப் பிடித்திருந்தது.

ஹெர்மலின் சார்லெரிக்கு ஒருகாலத்தில் இந்தப் பலகைமேல் கொள்ளை ஆசை. திறப்பு விழாவுக்கு மீன் குழம்பு காய்ச்சியவள் அவள்தான். கமிட்டியின் முதல் ஒன்பது பேரில் ஒருத்தி. அவள் வாய் வைக்காத தீர்மானம் கிடையாது. கூட்டக் குறிப்பு எழுதும் பள்ளி ஆசிரியை எடோரா பாலுக்கு, ஹெர்மலின் ஒருத்தியாலேயே வருடத்துக்கு ஒரு நோட்டு அதிகம் வாங்க வேண்டியிருந்தது. போன வருடம் தலைவர் ஓர் ஆணியைத் தப்பான கட்டத்தில் அடித்தபோது, ஹெர்மலின் எட்டிப் பிடுங்கிச் சரியான கட்டத்தில் குத்தினாள். மறுநாளே பலகைக்கு முன்னால் ஒரு தடித்த கயிறு கட்டப்பட்டது. பொதுமக்கள் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். கமிட்டி வில்லையைத் தலைவரின் டைமேல் விட்டெறிந்துவிட்டு வந்தவள்தான். அதற்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அவளிடம் இருந்த சொத்து ஒரு படகு. பெயர் ‘பேஷன்ஸ்’. பொறுமை என்று பெயர் வைத்த படகுக்கு இவள் சொந்தக்காரியா என்று ஊர் சிரிக்கும். பெயர் வைத்தது அவள் புருஷன். பக்கத்துத் தீவில் ஓட்டல் கட்டும் வேலைக்குப் போனான், வரும்போது குளிர்பதனப் பெட்டி கொண்டுவருவதாகச் சொல்லி. பதினோரு வருடமாயிற்று. பெட்டியும் வரவில்லை. தம்பி ஒத்னீல் படகை ஓட்டினான், ஹெர்மலின் மீனை விற்றாள். படகு போனால் அவளுக்கு மிஞ்சுவது தராசும் கோபமும்தான்.

அந்த வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அடுப்பில் பச்சை வாழைக்காய் வெந்துகொண்டிருந்தது. வானொலியில் செய்தி வந்தது. புயலின் மையம் வடக்கே பதினாலு டிகிரி, மேற்கே ஐம்பத்தைந்து. நேர் மேற்காக நகர்கிறது. சமையலறைக் கதவில் பெட்ரோல் கம்பெனி இலவசமாகக் கொடுத்த காகித வரைபடம் ஒட்டியிருந்தது. ஹெர்மலின் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். நேற்று வைத்த இரண்டு புள்ளிகளோடு சேர்த்து ஒரு நூலைப் பிடித்து இழுத்தாள். நூல் விறைத்துக்கொண்டு மேற்கே போயிற்று. அதன் மறு நுனிக்கு அடியில், ஈ உட்கார்ந்து எழுந்துபோன கறை மாதிரி, சென் ஓரேல் தீவு இருந்தது.

நூலைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தாள். கொஞ்சம் கீழே தள்ளிப் பார்த்தாள். விட்டதும் அது மறுபடி ஈக்கறைமேலேயே வந்து படுத்தது. நாளை மத்தியானம் வந்துவிடும். அலை அதற்கு முன்பே, இன்று பொழுது சாயும்போதே தூக்க ஆரம்பிக்கும். அதற்குள் ‘பேஷன்ஸ்’ மேட்டில் இருக்க வேண்டும். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கையில் கரண்டியோடு கிளம்பினாள்.

ரம் கடையில் எட்டுப் பேர் டோமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் கட்டைகள் வெடிபோல் விழுந்துகொண்டிருந்தன.

“டேய் ஒத்னீல், எழுந்திரு. படகை ஏத்தணும்.”

ஒத்னீல் கட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கொடி ஏறிடுச்சாக்கா?”

“கொடி கிடக்குது. கோடு நேரா நம்ம மண்டைமேல வருது.”

“தலைவர் இப்பத்தான் ஆணி அடிச்சார். வடக்கால போயிடுமாம்.”

“அவர் ஆணி அடிச்சா காத்து நின்னு கேட்டுட்டுப் போகுமா?”

எதிரே உட்கார்ந்திருந்த லஃபேய் கட்டையை அறைந்தான். ஊரில் யாரையும் சும்மா விடாத வாய் அவனுக்கு. “இந்தப் புயலுக்கு ரேடியோக்காரன் தப்பாப் பேர் வச்சிட்டான்பா. ஹெர்மலின்னு வச்சிருக்கணும். அறுபது மைல் தள்ளிப் போனாலும் கூரை ஆடும்.”

கடையே சிரித்தது.

“சிரி. உன் படகு நொறுங்கினதும் உன் பொண்டாட்டி உன்னைத்தான் அந்தப் பலகையில ஆணி அடிச்சு மாட்டப்போறா.”

“மாட்டினா ஆப்பிரிக்கா பக்கமா மாட்டச் சொல்லுங்க மிஸ் ஹெர்மலின். அங்கதான் நிழல்.”

மூலையில் தனியாகக் குடித்துக்கொண்டிருந்த எபனேசர் பால் மட்டும் எழுந்தார். எடோராவின் அப்பா. இடது கையில் மூன்று விரல்தான் இருந்தன. மீதி இரண்டை ஒரு சுறா வாங்கிக்கொண்டதாக அவரும், கரும்பைச் சக்கையாக்கும் எந்திரம் வாங்கிக்கொண்டதாக ஊரும் சொல்லும்.

“நான் வர்றேன் ஹெர்மலின்.”

“ரெண்டு பேரா ஏத்த முடியுமா, எபனேசர்?”

“முடியாதுதான். எழுந்து நிக்கலாமில்ல.”

அவள் கரண்டியை லஃபேயின் டோமினோ வரிசைமேல் ஒரு தடவை போட்டு எல்லாவற்றையும் சிதறடித்துவிட்டு வெளியே வந்தாள்.

டெல்பெஷ் பலகைக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். முப்பது வருடம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவர். ஆணி அடிப்பதிலும் அந்தக் கம்பீரம் இருந்தது.

“மிஸ் சார்லெரி, கயித்துக்கு அந்தப் பக்கம் தயவுசெஞ்சு.”

“கொடியை ஏத்துங்க மிஸ்டர் டெல்பெஷ்.”

“நிலவரத்தைப் பாருங்க. பதினாலு, ஐம்பத்தஞ்சு. நேர் மேற்கு. நமக்கும் வடக்கே இருக்கிற சென் லூப் தீவுக்கும் நடுவால போகுது. நம்ம வட்டத்தோட மேல் விளிம்பை உரசும். அவ்வளவுதான்.”

“உரசினா?”

“உரசுறது நுழையுறது ஆகாது. விதி நாலு, உட்பிரிவு ரெண்டு.”

ஒரு வருடத்துக்கு அப்புறம் அன்றுதான் ஹெர்மலின் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். காலையில் கதவில் பார்த்த படம் இன்னும் கண்ணில் இருந்தது. அங்கே சென் லூப்பும் சென் ஓரேலும் ஒன்றையொன்று தொடாத குறை. இங்கே நடுவில் ஒரு கடல் கிடந்தது. அவள் கயிற்றைத் தாண்டினாள்.

“மிஸ் சார்லெரி—”

“சென் லூப் மலை இங்கேர்ந்து தெரியுதா இல்லையா?”

“மேகம் இல்லாத நாள்ல தெரியும்.”

“போன மாசம் அந்த மலையில காடு எரிஞ்சப்ப இங்க நின்னு வேடிக்கை பார்த்தோமா இல்லையா?”

“பார்த்தோம்.”

“இந்தப் படத்துல அதுக்கும் நமக்கும் எத்தனை மைல்? உங்க ஸ்கேலை வச்சு அளங்க.”

அளக்கச் சொன்னால் டெல்பெஷால் அளக்காமல் இருக்க முடியாது. ஸ்கேலை எடுத்தார், வைத்தார், மூக்குக் கண்ணாடியைத் தூக்கினார். “எண்பத்தஞ்சு.”

“இருபத்தஞ்சு மைல்ல இருக்கிற தீவு எப்ப எண்பத்தஞ்சுக்குப் போச்சு? அது நீந்திப் போச்சா, இல்ல நாம நீந்தி வந்தோமா?” அவள் பலகையின் ஓரத்தில் எழுதியிருந்த எண்ணிலிருந்து கோட்டை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். “நம்ம ஊர் பதினாலுல இருக்கு. பள்ளிக்கூடத்துல எடோரா சொல்லிக்குடுக்கிறா, சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். இங்க நம்மளைப் பதிமூணுல வச்சிருக்கு. ஓர் உள்ளங்கை தெற்கே. புயல் நமக்கு மேலால போகலை மிஸ்டர் டெல்பெஷ். நம்ம மேலேயே போகுது.”

டெல்பெஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துப் பார்த்தும் பதிமூன்றாகவே இருந்தது.

“இந்தப் பலகையைக் கமிட்டி அங்கீகரிச்சிருக்கு. தீவு எங்க இருக்குங்கறதைக் கூடித் தீர்மானம் போட்டு நிறைவேத்தியாச்சு. மாத்தணும்னா மறுபடி கூடணும். மூணு நாள் முன்னறிவிப்பு. குறைஞ்சது அஞ்சு பேர்.”

“மூணு நாள் கழிச்சு ஊரே இருக்காது.”

“அப்போ தீர்மானத்துக்கும் தேவை இருக்காது,” என்றார் டெல்பெஷ். அவர் கேலி செய்யவில்லை. அவருக்குக் கேலி வராது.

ஹெர்மலினின் சத்தம் ரம் கடைக்குக் கேட்டு, டோமினோக்காரர்கள் கட்டைகளைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றார்கள். பக்கத்து ரொட்டிக் கடைக்கு ஏணியில் நின்று பெயர் எழுதிக்கொண்டிருந்த ஓவியன் ஸெஃபிரினும் திரும்பிப் பார்த்தான். பலகையை வரைந்தவன் அவன்தான். திரும்பியது தப்பாயிற்று.

“இறங்குடா கீழே. யாரைக் கேட்டு எங்க தீவைத் தள்ளி வச்சே?”

ஸெஃபிரின் தூரிகையோடு இறங்கி வந்தான். “நான் முதல்ல சரியாத்தான் போட்டேன் மிஸ் ஹெர்மலின். பெட்ரோல் கம்பெனிப் படத்தைப் பார்த்து, கட்டம் கட்டமா. நம்ம தீவு என் கட்டைவிரல் நகத்தளவு வந்துது. அப்புறம் கமிட்டிலேர்ந்து சீட்டு வந்துது, கண்ணுக்கே தெரியலை, பெரிசாக்குன்னு. பெரிசாக்கினேன். அது போய் சென் லூப் மேல ஏறி உக்காந்துடுச்சு. சென் லூப்பை அழிக்க முடியுமா? அங்க என் மாமியார் இருக்கா. அதனால நம்மளைக் கொஞ்சம் கீழ இறக்கினேன். தெற்கே வெறும் கடல்தானே, யாருக்கு இடைஞ்சல்?”

“கீழே இறக்கினியா? கோழிக்கூண்டை நகர்த்துற மாதிரி?”

“பார்க்க அழகா இருந்துது. எல்லாரும் கை தட்டினீங்களே.”

“பெரிசாக்கச் சொன்ன முட்டாள் யாரு?”

“சீட்டுல பேர் இல்லை. கமிட்டின்னுதான் இருந்துது.”

ஹெர்மலின் பலகையின் மூலையில் இருந்த பெயரைப் பார்த்தாள். கருத்தும் வடிவமும். பார்த்துவிட்டு அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரைப் பார்த்தாள். டெல்பெஷ் தொண்டையைச் செருமிக்கொண்டார். பெருமையா குற்ற உணர்ச்சியா என்று அவருக்கே தீர்மானமாகாத ஒரு செருமல்.

“தீவுக்கு ஒரு கௌரவமான அளவு தேவைன்னு அன்னிக்கு ஒரு கருத்து நிலவிச்சு,” என்றார்.

“கௌரவம்! ரெண்டு வருஷம் முந்தி ஒரு புயலுக்கு நீங்க ஆணியை நம்ம நெத்திப்பொட்டுல அடிச்சீங்க. கொடி ஏத்தினீங்க. பதினாலு படகையும் ஏத்தினோம். ரெண்டு நாள் கோயில்ல முட்டி போட்டோம். ஒரு இலை ஆடிச்சா? அப்புறம் நன்றிப் பூசையில எழுந்து என்ன சொன்னீங்க?”

டெல்பெஷ் சொன்னது ஊருக்கே நினைவிருந்தது. கமிட்டியின் தயார்நிலையைக் கண்டு புயல் பின்வாங்கியது என்று சொன்னார்.

“அது அறுபது மைல் தெற்கே, கடல்ல, யாருமே இல்லாத இடத்துல போச்சு. நாம இருக்கிறதா இவர் வரைஞ்சு வச்ச இடத்துல,” என்றாள் ஹெர்மலின்.

நாளைக்கு வரப்போகும் புயல் கூட்டத்தை இன்னும் தொடவில்லை. தொட்டது வேறு. லஃபேய் மெதுவாக முன்னால் வந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் குரலில் கிண்டல் இல்லை.

“என் இடுப்பு அன்னிக்குப் போனதுதான் மிஸ்டர் டெல்பெஷ். இன்னும் குனிய முடியலை. அப்போ அது சும்மாவா போச்சு?”

இந்தக் கேள்விக்கு விதிகளில் இடம் இருக்கவில்லை. ஹெர்மலின் காத்திருக்கவில்லை. பலகைக்கு முன்னால் கட்டியிருந்த தடித்த கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள். நல்ல கயிறு, கப்பல் கயிறு, படகு இழுக்கத் தோதான கயிறு. தோளில் சுற்றிக்கொண்டு கடற்கரையைப் பார்த்து நடந்தாள். எபனேசர் பின்னால் போனார். அப்புறம் லஃபேய். கடைசியில் எல்லாரும்.

“அது கமிட்டிச் சொத்து,” என்று டெல்பெஷ் பின்னாலிருந்து சொன்னார்.

வாழைமரங்களை வெட்டி மணலில் உருளைகளாகப் போட்டார்கள். பெண்கள் வெட்டினார்கள், ஆண்கள் இழுத்தார்கள். பதினாலு படகுகள். எதை முதலில் ஏற்றுவது என்று ஒரு சண்டை கிளம்பப் பார்த்தது. கயிறு ஹெர்மலின் தோளில் இருந்தது. எபனேசர், “அவளோடதை முதல்ல ஏத்துங்கப்பா. அவதான் கூப்பிட்டா. என்னோடது கிடக்கட்டும்,” என்றார். ‘பேஷன்ஸ்’ ஈர வாழைத்தண்டுகள்மேல் வழுக்கிக்கொண்டு ஏறி, சீமைப்பலா மரத்தடியில் போய்ச் சாய்ந்தது. ஹெர்மலின் அதன் அடிவயிற்றை ஒரு தடவை தட்டிவிட்டு அடுத்த படகின் கயிற்றைப் பிடித்தாள்.

நடுவில் டெல்பெஷ் ஒலிபெருக்கியோடு வந்தார். கூடாது என்று சொல்ல வந்தவர், யாரும் காதில் வாங்காததால், “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று எண்ண ஆரம்பித்தார். இழுப்பவர்கள் தங்கள் பாட்டுக்கு இழுத்தார்கள். அவருடைய ‘மூணு’ ஒவ்வொரு தடவையும் படகு நகர்ந்து முடிந்த பிறகு வந்தது.

“தலைவரே, உங்க மூணும் அறுபது மைல் தெற்கே இருக்கு,” என்றான் லஃபேய், மூச்சிரைப்புக்கு நடுவில்.

ஐந்து மணிக்குப் பதினோராவது படகு ஏறியது. அதற்குள் கடல் நிறம் மாறிவிட்டது. கரையோரத்தில் அலை ஆள் உயரத்துக்கு எழும்பி உடைந்தது. மிச்சம் மூன்று. லஃபேயும் ஒத்னீலும் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இரண்டு தடவை இறங்கிப் பார்த்தார்கள். இரண்டு தடவையும் கடல் அவர்களைத் தூக்கி மணலில் போட்டது. நங்கூரத்தில் கிடந்த மூன்றும் முட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. நடுவில் இருந்த பச்சைப் படகு எபனேசருடையது.

“ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா,” என்றான் ஒத்னீல்.

“நான் வந்தேனே,” என்றாள் ஹெர்மலின். “கரண்டியோட வந்து நின்னேனே. நீ கட்டையைப் பார்த்துக்கிட்டிருந்தே.”

எபனேசர் மூன்று விரல்களால் தாடையைத் தடவிக்கொண்டு, தன் படகு உடைவதைக் கடைசிவரை நின்று பார்த்தார். அப்புறம் வீட்டுக்குப் போய் ஜன்னல்களுக்குப் பலகை அடித்தார்.

புயல் சொன்ன நேரத்துக்கு வந்தது. வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிச் செய்திக்கும் டெல்பெஷ் மழையங்கி போட்டுக்கொண்டு வந்து ஆணி அடித்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கொட்டகைக் கூரையில் பாதி ஏற்கெனவே போய்விட்டிருந்தது. ஆணி வட்டத்துக்கு ஒரு நூலளவு வெளியேதான் விழுந்தது. ஆகவே கொடி ஏறவில்லை. ஒன்பது வீடுகளின் தகரம் பறந்தது, இரண்டு கிணறுகளில் கடல்நீர் புகுந்தது, கோயில் மணி தானாக அடித்துக்கொண்டது. விதி நாலு, உட்பிரிவு இரண்டு மட்டும் எந்தச் சேதமும் இல்லாமல் தப்பியது. அட்லாண்டிக் பெருங்கடல் துண்டு துண்டாகக் கிளம்பிப் போயிற்று. ஆப்பிரிக்காவை மறுநாள் பன்றிக் கொட்டிலில் கண்டெடுத்தார்கள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் கமிட்டி கூடியது. மூன்று நாள் முன்னறிவிப்பு முறைப்படி கொடுக்கப்பட்டிருந்தது. ஊரே வந்திருந்தது. ‘பேஷன்ஸ்’ ஒரு கீறல் இல்லாமல் மரத்தடியில் கிடக்க, ஹெர்மலின் மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. கடைசி பெஞ்சில் எபனேசர் கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். தன் படகு முதலில் ஏறியது தொண்டையில் முள்ளாக நின்றது. முள்ளை எடுத்து யார்மேலாவது குத்தியாக வேண்டும்.

டெல்பெஷ் வரவேற்புரையைத் தொடங்கும் முன்பே அவள் எழுந்துவிட்டாள்.

“உரை அப்புறம். மூணு படகு போயிருக்கு. அதுல ஒண்ணு, நான் கூப்பிட்டதும் எழுந்து நின்ன ஒரே ஆம்பளையோட படகு. ஒருத்தருக்குத் தன் தீவு சின்னதா இருக்குன்னு வெட்கம். அந்த வெட்கத்துக்காக நம்மளையெல்லாம் தூக்கி நடுக்கடல்ல வச்சாச்சு. அந்த ஆள் யாருன்னு இன்னிக்கு இந்த ஊர் தெரிஞ்சுக்கணும்.”

“சரிதான்,” என்றார்கள் பின்னால்.

“தெரிஞ்சுக்கிட்டா மட்டும் போதாது. நான் ஒரு தீர்மானம் கொண்டுவர்றேன். அது யாரா இருந்தாலும், எபனேசர் புதுப் படகு கட்டி முடிக்கிறவரைக்கும் வாரத்துல மூணு நாள் தன் படகை அவருக்குக் குடுக்கணும். படகு இல்லாத ஆளா இருந்தா,” இங்கே அவள் டெல்பெஷைப் பார்த்தாள், “டையைக் கழட்டிட்டு அவரோட கடலுக்குப் போய்த் துடுப்பு போடணும்.”

சிரிப்பும் கைதட்டலும் எழுந்தன. டெல்பெஷ் தன்னை அறியாமல் டை முடிச்சைப் பிடித்துக்கொண்டார். கமிட்டியின் பழைய ஆட்கள் இரண்டு பேர் தரையில் எதையோ தேடினார்கள். கை தூக்கச் சொன்னபோது அவர்களும் தூக்கினார்கள். தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறியது.

“எடோரா, அந்த நோட்டை எடு. நாலு வருஷம் முந்தினது. சத்தமா வாசி.”

எடோரா நோட்டைத் திறக்கவில்லை. “மிஸ் ஹெர்மலின், கூட்டம் முடிஞ்சதும் நான் உங்க வீட்டுக்கு வந்து காட்டட்டுமா?”

“வீட்டுக்கு எதுக்கு? யாருக்கும் பயப்படாதே பொண்ணு. உங்கப்பா படகு அது. எல்லாரும் கேக்கட்டும்.”

எடோரா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். எபனேசர் தோளை லேசாகக் குலுக்கினார். அவள் பக்கத்தைப் புரட்டி, வகுப்பில் வருகைப் பதிவு வாசிக்கும் குரலில் வாசித்தாள்.

“தீர்மானம் ஏழு. பலகையில் நமது தீவு கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக வரையப்பட வேண்டும். முன்மொழிந்தவர் ஹெர்மலின் சார்லெரி. வழிமொழிந்தவர் யாரும் இல்லை. முன்மொழிந்தவர் உட்கார மறுத்ததால் தீர்மானம் நிறைவேறியது.”

அதற்குக் கீழே, சிறிய எழுத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. எடோரா அதையும் வாசித்தாள். மிஸ் சார்லெரி ‘ஈக்கறை’ என்ற சொல்லை மூன்று முறை பயன்படுத்தினார்.